நால்வரில் எஞ்சிய மூவர்

புகாட்டி அட்லாண்டிக் கார்களின் உடைமைச் சரித்திரமும், அவற்றைப் புதுப்பித்தவர்கள் எதிர்கொண்ட தர்மசங்கடமும்

பிரெஞ்சு தேசத்தின் கிழக்கெல்லையில், அல்ஸாஸ் பிரதேசத்தைச் சேர்ந்த மோல்ஷைம் என்னும் சிற்றூரில், 1936-ஆம் ஆண்டுக்கும் 1938-ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நான்கு கார்கள் கட்டப்பட்டன. புகாட்டி கம்பெனியின் பட்டறையில் உருவான அந்த நான்குக்கும் அட்லாண்டிக் என்று பெயர். அவற்றில் ஒன்று மகாயுத்தத்தின் குழப்பத்தில் மாயமாய் மறைந்தது. ஒன்று ரயில் மோதிச் சிதைந்து, பின்னர் துண்டு துண்டாய்ப் பொறுக்கிச் சேர்க்கப்பட்டு மீண்டும் எழுந்தது. ஒன்று எஞ்சின் பழுதுபட்டு இங்கிலாந்தில் கேட்பாரற்றுக் கிடந்து, ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, உலகிலேயே மிக அதிக விலைக்கு விற்ற கார் இதுதான் என்று பத்திரிகைகள் எழுதும் நிலையை அடைந்தது. எஞ்சிய ஒன்று, பிறந்தபோது பூண்டிருந்த நீல வர்ணத்தைத் துறந்து, புதிய எஜமானரின் விருப்பப்படி கறுப்பு வர்ணம் பூண்டு, இரண்டு கண்டங்களில் முதற்பரிசு பெற்றது.

மோட்டார் வண்டி என்பது ஓடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள். ஓடினால் தேயும், தேய்ந்தால் உறுப்புகளை மாற்றத்தான் வேண்டும். ஆகவே எண்பது, தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நம் முன் வந்து நிற்கும் ஒரு காரில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது, எவ்வளவு பழையதைப் போலச் செய்த புதியது என்ற கேள்வி எழாமல் இராது. அதைப் புதுப்பிக்க முற்படுகிறவர் எந்த நாளை மனத்தில் வைத்துக்கொண்டு புதுப்பிக்கிறார்? பட்டறையைவிட்டு வெளிவந்த முதல் நாளையா, அதன் கீர்த்தி ஓங்கியிருந்த நாளையா, அல்லது தம் கைக்கு வந்து சேர்ந்த நாளையா? இந்த நான்கு கார்களின் சரித்திரத்தை ஆதியிலிருந்து தொடர்ந்து பார்த்தால், அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் மனப்பாங்குக்கு இசைந்த விடையையே அளித்து வந்திருப்பது தெரிகிறது.

கலைக் குடும்பத்தில் பிறந்த யந்திரம்

எத்தோரே புகாட்டி 1881-இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். தந்தை கார்லோ, விசித்திரமான வேலைப்பாடுகள் அமைந்த மரச்சாமான்களைச் செய்து ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட், மிருகங்களின் உருவங்களை வெண்கலத்தில் வார்த்த சிற்பி. இப்படிப்பட்ட குடும்பத்தில் தோன்றி யந்திரத் தொழிலில் புகுந்த எத்தோரே, 1909-இல் மோல்ஷைமில் தம் தொழிற்சாலையை நிறுவினார். அப்போது அல்ஸாஸ் ஜெர்மானியரின் ஆட்சியில் இருந்தது. முதல் உலக யுத்தத்திற்குப் பிறகுதான் அது பிரான்சுடன் சேர்ந்தது. தொழிற்சாலை தோன்றிய அதே 1909-இல் பிறந்த மூத்த மகன் ழான், கல்லூரிப் படிப்பைக் காட்டிலும் பட்டறைப் பழக்கத்தினாலேயே தேர்ச்சி பெற்றவர். 1936-இல் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் மனம் நொந்த தந்தை பாரிஸ் நகரிலேயே பெரும்பாலும் தங்கிவிட, தொழிற்சாலையின் அன்றாட நிர்வாகம் முழுவதும் இருபத்தேழு வயது இளைஞரான ழானின் தோள்மீது விழுந்தது.

அந்த இளைஞரின் பெரும் படைப்பு டைப் 57 என்னும் வண்டி. 1934-இல் விற்பனைக்கு வந்த அந்த வண்டியில், வரிசையாக அமைந்த எட்டு சிலிண்டர்களையும் தலைமேல் இரண்டு கேம் தண்டுகளையும் கொண்ட 3,257 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. யுத்தத்தினால் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ எழுநூறு வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் சிறியதொரு பிரிவுக்கு எஸ் என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். தாழ்த்தப்பட்டது என்பது அதன் பொருள். வண்டியின் உயரத்தைக் குறைப்பதற்காகப் பின் அச்சு சேஸிஸ் சட்டத்தின் அடியில் செல்லாமல் அதன் ஊடாகவே செல்லும்படி அமைத்தார்கள். எஞ்சின் தாழ்வாக அமரவேண்டி, அடித்தொட்டியில் எண்ணெய் தேங்கி நிற்கும் முறையை விடுத்துத் தனித் தொட்டியில் வைத்துச் சுழலவிட்டார்கள். சூப்பர்சார்ஜர் என்னும் காற்றழுத்தியையும் பொருத்திவிட்டால் சுமார் 200 குதிரைச் சக்தி கிடைத்தது; மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கூடிற்று. நெடுஞ்சாலைகளில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் இன்னும் சென்றுகொண்டிருந்த காலத்தில் அது சாமானியமான வேகம் அன்று.

1935-ஆம் ஆண்டின் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில், ஏரோலித் என்ற பெயருடன் ழான் ஒரு மாதிரி வண்டியை நிறுத்தினார். அதன் பாடி எலெக்ட்ரான் எனப்படும் மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது. எடை மிகக் குறைவு. ஆனால் கையாள்வதோ மிகக் கடினம். குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் அடித்தால் விரிசல் காணும். வெல்டிங் வைக்க நெருப்பைக் காட்டினால் உலோகமே தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைக்க வழியின்றி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் வெளிப்புறமாக மடித்து நிறுத்தி, இரண்டு ஓரங்களையும் சேர்த்து ரிவிட் அடித்தார்கள். இதனால் முன்கண்ணாடியின் நடுவில் தொடங்கிக் கூரையின்மேல் ஏறி, வால் போலக் குறுகும் பின்பக்கத்தின் இறுதிவரையில் ஓடும் முதுகெலும்பு ஒன்று வண்டிக்கு அமைந்தது. மட்கார்டுகளின்மேலும் அத்தகைய விளிம்புகள் எழுந்தன.

அடுத்த ஆண்டு அட்லாண்டிக் கார்களைச் செய்தபோது பாடிக்கு அலுமினியத்தையே உபயோகித்தார்கள். அலுமினியத்தைத் தாராளமாக வெல்டிங் செய்யலாம். ரிவிட்டுகளுக்கு யாதொரு அவசியமும் இல்லை. எனினும் ழான் அந்த முதுகெலும்பைக் கைவிடவில்லை. நிர்ப்பந்தத்தினால் தோன்றிய அம்சம், நிர்ப்பந்தம் நீங்கிய பிறகும் அழகு கருதி நிலைத்துவிட்டது. இன்று அந்தக் காரை ஒருமுறை பார்த்தவர்கூட மறக்காமல் நினைவில் வைத்திருப்பது அந்த ரிவிட் வரிசையைத்தான். கூரைக்குள் வெட்டிச் சென்ற கதவுகளும், சிறுநீரக வடிவத்தில் அமைந்த கதவுக் கண்ணாடிகளும், பின்னால் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஆறு புகைக் குழாய்களும் அதற்குப் பிறகே கண்ணில் படுகின்றன. 1936 டிசம்பர் 7-ஆம் தேதி தென் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின்மேல் விமானத்தோடு மறைந்துபோன பிரெஞ்சு விமானி ழான் மெர்மோஸின் ஞாபகார்த்தமாகவே இந்தக் கார்களுக்கு அட்லாண்டிக் என்று பெயர் வைத்தார்கள் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

வெங்காயப் பெட்டியும் வெடிகுண்டும்

முதல் அட்லாண்டிக், 57374 என்ற சேஸிஸ் எண்ணுடன் 1936 செப்டம்பரில் லண்டனுக்குச் சென்றது. அதை வாங்கியவர் விக்டர் ராத்ஸ்சைல்டு. ஐரோப்பாவின் பெரும் பாங்கித் தொழில் குடும்பத்தின் வாரிசு. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கேம்பிரிட்ஜில் உயிரியல் ஆராய்ச்சி செய்தவர். கவுண்டி கிரிக்கெட் ஆடியவர். ஜாஸ் பியானோ வாசிப்பதில் நிபுணர். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் உளவுத் துறையில் சேர்ந்து, ஸ்பெயினிலிருந்து வந்த வெங்காயப் பெட்டியில் ஜெர்மானியர் மறைத்து வைத்திருந்த வெடிகுண்டைத் தம் கையாலேயே பிரித்துச் செயலறச் செய்தமைக்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார். இத்தகைய மனிதர் இத்தகைய காரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

ஆரம்பத்தில் இந்தக் காரில் சூப்பர்சார்ஜர் கிடையாது. 1939-இல் அதைப் பொருத்தினார்கள். பின்னர் யுத்த காலத்தில் எஞ்சின் கடுமையாகப் பழுதுபட, வண்டி கவனிப்பாரற்றுக் கிடந்து, சொற்ப விலைக்குக் கைமாறியது. யுத்தம் முடிந்ததும் அது அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் ஓர் அன்பரிடம் கால் நூற்றாண்டுக் காலம் இருந்தது. அவருடைய காலத்திற்குப் பிறகு 1971-இல் ஏலத்திற்கு வந்தபோது, நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் பீட்டர் வில்லியம்சன் 59,000 டாலருக்கு அதை எடுத்தார். வலிப்பு நோய் சிகிச்சையில் பெயர் பெற்ற அந்த மருத்துவர், ஒரு பழைய காருக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று அக்காலத்தவர் வாய் பிளக்கும்படியான விலையைத்தான் கொடுத்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காரை வைத்திருந்த வில்லியம்சன், இடைக்காலத்தில் ஏற்பட்ட மாறுதல்களையெல்லாம் களைந்து, ராத்ஸ்சைல்டு வாங்கியபோது இருந்த சாம்பல் கலந்த நீல வர்ணத்திற்கே அதைத் திருப்பினார். 2003 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் பசிபிக் கரையோரத்தில் பெப்பிள் பீச் என்னும் இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார்களின் கண்காட்சியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். வர்ணமும் மேற்கூடும் 1936-ஆம் ஆண்டுக்குச் சென்றன. சூப்பர்சார்ஜரோ 1939-இல் சேர்ந்தது. அதைக் கழற்றிவிட்டு முழுமையாக முதல் நாளுக்கே செல்ல வேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. ஏனெனில் அதுவும் முதல் உடைமையாளர் காலத்தில் சேர்ந்ததே. ஒரே காரில் இரண்டு வெவ்வேறு நாட்கள் கூடியிருக்கின்றன. புதுப்பித்தவர் எடுத்த தீர்மானமே அவ்விரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது.

2008-இல் வில்லியம்சன் காலமானார். 2010-இல் அந்தக் கார், கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டு நகரில் பிரெஞ்சுக் கார்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைத்த பீட்டர் மல்லினிடம் சென்றது. விலை பகிரங்கமாக அறிவிக்கப்படவில்லை. 3 கோடிக்கும் 4 கோடிக்கும் இடைப்பட்ட டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

மறைந்த கறுப்பு வண்டி

57453 என்ற எண்ணுடைய இரண்டாவது அட்லாண்டிக்கை ழான் தம் உபயோகத்திற்கென்றே வைத்துக்கொண்டார். கம்பெனியின் விளம்பரப் பிரசுரங்களில் வந்த புகைப்படங்களில் இருப்பதும், 1937-இல் நீஸ், லியோன் நகரங்களின் கண்காட்சிகளில் நின்றதும் இந்தக் கறுப்பு வண்டிதான். எந்த வாடிக்கையாளரின் பெயருக்கும் அது விற்கப்படவில்லை. ழானும், கம்பெனிக்கு நெருங்கிய சில பந்தய வீரர்களுமே அதை ஓட்டினார்கள். அவர்களுள் ஒருவர், 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிரான் பிரீ பந்தயத்தில் புகாட்டி ஓட்டி வென்ற வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ரகசியப் படையில் சேர்ந்து பிரான்சில் வேலை செய்த அவர், நாஜிகளிடம் அகப்பட்டு ஜெர்மானிய வதைமுகாமில் உயிரிழந்தார்.

ழானின் முடிவும் அகாலமாகவே நேர்ந்தது. 1939 ஆகஸ்டு 11-ஆம் தேதி, அவ்வாண்டு லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் வென்ற காரை மோல்ஷைம் அருகே சாலையில் வேகமாக ஓட்டிப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்த சைக்கிள்காரர்மீது மோதாமல் விலக்கப் பிரயத்தனப்பட்டு, மரத்தில் மோதி மாண்டார். வயது முப்பது. மூன்று வாரங்களில் யுத்தம் மூண்டது. ஜெர்மானியர் தொழிற்சாலையைக் கைப்பற்றினார்கள். ரயில் மூலம் போர்தோ நகருக்கு அனுப்பப்பட வேண்டிய கார்களின் ஜாபிதாதான் கறுப்பு அட்லாண்டிக்கைப் பற்றிக் கிடைக்கும் கடைசித் தடயம். அதற்குப் பிறகு அந்தக் காரைக் கண்டவர் எவரும் இல்லை.

இன்று அது அகப்பட்டால் 10 கோடி யூரோவுக்கு மேல் பெறும் என்று புகாட்டி கம்பெனியே மதிப்பிட்டிருக்கிறது. 2019-இல் அதன் ஞாபகமாக ஒரே ஒரு புதிய காரைச் செய்து, வரி நீங்கலாக 1 கோடியே 10 லட்சம் யூரோவுக்கு விற்றும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காருக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று யோசித்தால் ஒன்று புலப்படும். எஞ்சிய மூன்று கார்களையும் எவரெவரோ புதுப்பித்திருக்கிறார்கள். காணாமற்போனதை மட்டும் யாரும் புதுப்பிக்கவில்லை. அது எங்கேனும் ஒரு கொட்டகையில் கிடக்குமானால் ழானின் கை பட்டபடியே கிடக்கும் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கப்படும் விலை அது.

ரயில்வே கேட்டில் நேர்ந்த விபத்து

மூன்றாவது கார், 57473 என்ற எண்ணுடன், 1936-ஆம் ஆண்டின் இறுதியில் நீஸ் நகரத்து வியாபாரி ஜாக் ஹோல்ஷுவிடம் சேர்ந்தது. மத்தியதரைக் கடற்கரையின் செல்வர்கள் கூடும் ழுவான்-லெ-பேன் அலங்காரப் போட்டியில் மறு ஆண்டே அது பரிசு பெற்றது. யுத்தத்திற்குப் பின் கைமாறிய அந்தக் கார், 1955 ஆகஸ்டில் லுவார் நதிக்கரையில் உள்ள ழியேன் நகருக்கருகே ரயில்வே கேட்டைக் கடக்கையில் ரயிலில் மோதியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தனர். வண்டி உருத்தெரியாமல் நசுங்கியது.

மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் பல ஆண்டுகள் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தன. அறுபதுகளில் புகாட்டியின்மீது பித்துக்கொண்ட ஒரு பிரெஞ்சுக்காரர் அவற்றை வாங்கி, நெடுங்காலம் உழைத்து மீண்டும் ஒரு காராக ஆக்கினார். எஞ்சின் உட்படப் பல பாகங்களை வேறிடத்திலிருந்து தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று. 2006-க்குப் பிறகு புதிய உடைமையாளர்களின் ஏற்பாட்டில் இன்னொரு முறை, ஹோல்ஷு காலத்துப் புகைப்படங்களை ஆதாரமாகக்கொண்டு, கூடியமட்டும் பழைய உலோகத்தைக் காப்பாற்றி வேலை செய்து, 2010-இல் பெப்பிள் பீச்சில் காட்சிக்கு நிறுத்தினார்கள்.

இந்தக் காரை அட்லாண்டிக் என்று ஒப்புவதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒப்பத்தான் வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. எண் ஒன்றே, சரித்திரம் அறுபடாமல் தொடர்கிறது, பழைய உலோகம் ஓரளவு எஞ்சியிருக்கிறது. கனடாவில் ஒரு பட்டறையார் செய்த காரியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 1935-ஆம் ஆண்டு ஏரோலித் அழிந்துபோய்விட்டமையால், அவர்கள் டைப் 57-இன் பழைய சேஸிஸ் ஒன்றைப் பிடித்து, எஞ்சியிருந்த சில புகைப்படங்களை மட்டும் வழிகாட்டியாகக்கொண்டு, மக்னீசியத் தகட்டைச் சூடுகாட்டி வளைத்து, ரிவிட் அடித்து, ஏரோலித்தை மறுபடி படைத்தார்கள். வேலைத்திறனில் அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆயினும் அது பிரதி. ஹோல்ஷுவின் கார் காயம்பட்ட மூலம். அவ்விரண்டையும் பிரிப்பது தகட்டின் வயதைக் காட்டிலும் கை மாறிய வரலாறே ஆகும்.

நீலம் கறுப்பான கதை

கடைசி அட்லாண்டிக், 57591, 1938 மே மாதத்தில் லண்டனைச் சேர்ந்த போப் என்பவருக்கு நீலமணி வர்ணத்தில் வழங்கப்பட்டது. அவர் அதை நெடுங்காலம் பேணினார். பின்னர் வேறு அன்பர்களின் கைகளில் இருந்துவிட்டு, 1988-இல் அமெரிக்க உடை அலங்கார நிபுணர் ரால்ஃப் லாரனை அடைந்தது. மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் எஸெக்ஸ் என்னும் ஊரிலுள்ள பால் ரஸல் பட்டறை, அதன் ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் கூட்டியது. 1990-இல் பெப்பிள் பீச்சில் முதற்பரிசு. 2012-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் நடக்கும் வில்லா தெஸ்தே கண்காட்சியிலும் முதற்பரிசு. இடையில் 2011-இல் பாரிஸ் நகரத்து அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலும் அது காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஆனால் அது நீலமாக இல்லை, கறுப்பாக இருக்கிறது. லாரன் கறுப்பை விரும்பினார். அட்லாண்டிக்கின் வளைவுகளைக் கறுப்பே எடுத்துக்காட்டுகிறது என்று பார்ப்பவர்களுக்கும் தோன்றத்தான் செய்கிறது. இதை ஒரு குற்றமாகக் கூற முடியாது. வாங்கியவருக்கு வர்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தக் காலத்தில் ழானே மனமுவந்து அளித்திருப்பார். எனினும் போப்பின் நீலம் புகைப்படங்களிலும் பதிவேடுகளிலும் மட்டும் வாழ்கிறது; உலகம் அறிந்த அட்லாண்டிக்கின் உருவமோ பெரும்பாலும் லாரனின் கறுப்பு உருவம்தான். உடைமையாளரின் ருசி சரித்திரத்தின்மேல் ஒரு பூச்சாகப் படிந்துவிட்டது.

பட்டறையின் உள்ளே

இத்தகைய கார் ஒன்றைப் புதுப்பிக்கும் பட்டறையில் முதல் வேலை சம்மட்டி எடுப்பதன்று; எண்களைப் படிப்பதே. புகாட்டி தொழிற்சாலையார் எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு, சட்டம் ஆகிய ஒவ்வொன்றின்மீதும் இரும்பு அச்சால் எண்ணைப் பதித்து அனுப்புவது வழக்கம். கைமாறும்போது எஞ்சின் ஒரு வண்டிக்கும் சேஸிஸ் மற்றொரு வண்டிக்கும் சென்றுவிடுவது அக்காலத்தில் சர்வசாதாரணம். எல்லா எண்களும் ஒரே பிறப்பைச் சேர்ந்தவை என்று கண்டறிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். இங்கிலாந்தில் பிரெஸ்காட் என்னுமிடத்திலுள்ள புகாட்டி அறக்கட்டளையில் திரட்டி வைத்திருக்கும் வரைபடங்களும் பதிவுகளும் படங்களும் இவ்விஷயத்தில் பெருந்துணையாய் இருக்கின்றன.

அடுத்தது வர்ணம். மட்கார்டின் மறைவான ஓரிடத்தில், நெற்றிப் பொட்டு அளவுக்கு, வழவழப்பான உப்புத்தாள்கொண்டு மெதுவாகத் தேய்த்தால், மேல் வர்ணத்தின் அடியில் அதற்கு முந்திய வர்ணம், அதன் அடியில் அதற்கும் முந்தியது என்று வளையம் வளையமாகத் தோன்றும். விளக்கொளியில் அவற்றை எண்ணினால் எத்தனை முறை பூசினார்கள் என்பதும், அடிமட்டத்தில் இருப்பது எது என்பதும் தெரிந்துபோகும்.

பின்னர் தகட்டுக்கு வர வேண்டும். கையால் அடித்த பாடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சுப்பிசகாமல் ஒத்திருப்பதில்லை; ரிவிட் துளைகளுக்கு இடையிலுள்ள தூரமும் ஆங்காங்கே நூலிழை மாறும். இன்றைய தொழிலாளியிடம் அன்றையவனிடம் இல்லாத அளவுக் கருவிகள் உண்டு. கோணலை நிமிர்த்திவிட அவன் கை துடிக்கும். அப்படி நிமிர்த்தினால் வண்டி பிறந்தபோது இருந்ததைவிட அழகாகவே அமையும். ஆனால் மோல்ஷைம் தொழிலாளியின் கைப்பாங்கு அதோடு போய்விடும். பழைய கோயிலுக்கு ஜீர்ணோத்தாரணம் செய்ய முற்பட்ட தர்மகர்த்தா, கருங்கல் பளபளக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலேயே மணலை வீசித் தேய்க்கச் செய்து, சுவரிலிருந்த சாசனங்களின் எழுத்தை மழுங்கடித்துவிடுவது போன்ற காரியம் அது.

இந்த அபாயத்தை உணர்ந்து குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரெட் சிமியோன். வில்லியம்சன் நரம்பியல் மருத்துவர். சிமியோன் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். ஒரே உறுப்பை ஆராய்ந்த இரு மருத்துவர்களுள் முன்னவர் காரின் தோற்றத்தை முதல் நாளுக்குத் திருப்பியவர். பின்னவரோ பந்தயத்தில் பட்ட கீறலோடும் மங்கிய வர்ணத்தோடும் கார்களை அப்படியே வைக்க வேண்டும் என்று வாதாடி, அதற்கென ஒரு புத்தகமும் எழுதி, ஓர் அருங்காட்சியகத்தையே நிறுவியவர். பழைய வாகனங்களுக்கான சர்வதேச சங்கமும் பின்னர் டுரின் சாசனம் என்று ஒன்றை வகுத்து, இயன்றவரை காப்பதே முதற்கடமை, புதுப்பிப்பது வேறு வழியில்லாதபோதுதான் என்று நெறிப்படுத்தியது.

ருசி மாறிய விதம்

முதலாவது அட்லாண்டிக்கை மல்லின் வாங்கிய அதே 2010-இல், அவர் இன்னொரு புகாட்டியையும் வாங்கினார். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே கிடக்கும் மஜோரே ஏரியில், சுங்கவரி கட்டாமையால் அதிகாரிகளால் 1936 வாக்கில் மூழ்கடிக்கப்பட்டதாகக் கூறப்படும் 1925-ஆம் ஆண்டு பிரெஸியா வண்டி அது. ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் எழுபத்துமூன்று ஆண்டுகள் கிடந்து, 2009-இல் உள்ளூர் முக்குளிப்பாளர்களால் தூக்கப்பட்ட அந்த வண்டி, பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போயிற்று. ஒரு பக்கம் அரித்துச் சல்லடையாகவும், மண்ணில் புதைந்திருந்த மறுபக்கம் ஓரளவு உருக் கெடாமலும் இருந்த அதை மல்லின் புதுப்பிக்கவே இல்லை. துருவும் வண்டலுமாக, கிடைத்தபடியே அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார். குற்றமற்றுத் துலங்கும் அட்லாண்டிக்கும், கிழிந்த எலும்புக்கூடாகிய பிரெஸியாவும் ஒரே மனிதரின் உடைமையாக இருந்தமை, அந்த நாளில் உண்டாகிக்கொண்டிருந்த மனமாற்றத்துக்குத் தக்க சாட்சி.

பெப்பிள் பீச்சிலும் அம்மாற்றம் படிப்படியாக நேர்ந்தது. புதுப்பிக்காத கார்களுக்கென்று ஒரு தனி வகுப்பு அங்கு ஏற்பட்டது. ஆனால் முதற்பரிசு மட்டும் எப்போதும் புதுப்பித்த காருக்கே போயிற்று. 2024 ஆகஸ்டில் அந்த வழக்கம் முறிந்தது. 1934-இல் கிரான் பிரீ பந்தயங்களில் ஓடி, பின்னர் சாலைக்கேற்ப மாற்றப்பட்டு, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் உடைமையாக இருந்த புகாட்டி டைப் 59, வெடித்த வர்ணத்தோடும் தேய்ந்த தோலாசனத்தோடும் மேடை ஏறி, முதற்பரிசை வென்றது. பேணப்பட்ட நிலையிலேயே முதற்பரிசு பெற்ற முதல் கார் அதுவே. 1990-இல் லாரனின் கறுப்பையும் 2003-இல் வில்லியம்சனின் நீலத்தையும் சிகரத்தில் வைத்துக் கொண்டாடிய அதே மேடை இது. மூன்றும் மோல்ஷைமில் பிறந்தவையே.

இதிலிருந்து முன்னவர்கள் தவறு செய்தார்கள் என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. ரயிலில் நசுங்கிய காரை நசுங்கியபடியே வைத்திருந்தால் இன்று அது இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். எஞ்சின் பழுதான ராத்ஸ்சைல்டின் காரை யாரோ ஒருவர் சீர்ப்படுத்தாவிட்டால் பரிசுக்கும் பாராட்டுக்கும் இடமே இல்லை. அவரவர் காலத்தில் கிடைத்த நிலையில், அவரவர்க்குத் தெரிந்த நல்லதைச் செய்தார்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: களைந்த வர்ணத்தை மீண்டும் பூசலாம், களைந்த பழமையை மீண்டும் பூச முடியாது. எனவே காசு கொடுத்து வாங்கியவர் தம்மைச் சொந்தக்காரர் என்று கருதுவதைக் காட்டிலும், அடுத்தவர் கைக்கு ஒப்படைக்கும்வரை பொறுப்பேற்ற தர்மகர்த்தா என்று கருதுவதே பொருந்தும். எந்த நாளுக்குத் திருப்பினாலும் திருப்பட்டும். எதைக் கழற்றினோம், எதைப் புதிதாக வைத்தோம், எதற்காக அப்படிச் செய்தோம் என்பதைப் படத்தோடும் எண்ணோடும் எழுதி வைத்து, கழற்றிய பழைய பாகத்தையும் வண்டியோடு சேர்த்து அனுப்பினால், நமக்குப் பின் வருகிறவர் நம் தீர்மானத்தை ஏற்பதோ மாற்றுவதோ அவருடைய அறிவுக்கு விட்ட காரியமாகும்.